தார்ப் பாலையில் தாவர வேதிப்பொருள் ஆய்வு: தில்லியிலிருந்து தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சீமைக்கருவேலத்தின் அடியில் புல் ஏன் முளைப்பதில்லை? அதன் காயை ஆவலோடு தின்னும் ஆடு இலையை ஏன் தொடுவதில்லை? எருக்கிலை பூச்சிக்கு விஷம் என்றால், அதையே தின்று வளரும் வெட்டுக்கிளி எப்படிப் பிழைக்கிறது? ராமநாதபுரத்திலிருந்தும் விருதுநகரிலிருந்தும் தில்லிக்குப் படிக்க வந்தவர்களுக்கு இவை சின்ன வயதிலிருந்தே கூட வரும் கேள்விகள். அதே மரங்கள் தில்லிக்குள் உள்ள பாறைமேட்டுக் காடான ரிட்ஜிலும் நிற்கின்றன, ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில் தார்ப் பாலையிலும் நிற்கின்றன.

ஜே.என்.யு.விலோ தில்லிப் பல்கலைக்கழகத்திலோ எம்.எஸ்சி. புராஜெக்டாகவோ பிஎச்.டி. தலைப்பாகவோ இதை எடுப்பவர்களுக்கு முதல் ஆண்டு வீணாகும் இடங்கள் மூன்று: அனுமதி, மாதிரியை உலர்த்துவது, கன்ட்ரோல் (ஒப்பீட்டு வரிசை) வைப்பது. இங்கே அதிக இடம் எடுத்துக்கொள்வதும் அவைதான்.

1. பெயர்க் குழப்பத்தை முதலில் தீருங்கள்

ஊருக்கு ஊர் பெயர் மாறும். தில்லியில் ‘கீகர்’ என்றால் நம் கருவேலம். ‘விலாயதி கீகர்’ என்றால் சீமைக்கருவேலம். மேற்கு ராஜஸ்தானில் அதுவே ‘விலாயதி பபூல்’, ‘அங்க்ரேஜி பாவளியா’. ‘கேஜ்ரி’ என்பது நம் வன்னி; ஹரியானாப் பக்கம் அதை ‘ஜாண்ட்’ என்பார்கள். வழிகாட்ட வரும் உள்ளூர்க்காரரிடம் வெறும் ‘கீகர்’ என்று சொன்னால், அவர் காட்டும் மரம் வேறாக இருக்கும். அலைபேசியில் இலை, காய், முள் மூன்றையும் படமாக வைத்துக்கொண்டு காட்டிக் கேளுங்கள்.

அறிவியல் பெயரும் மாறியிருக்கிறது. 2022 வகைப்பாட்டின்படி அமெரிக்கக் கண்டத்துச் சீமைக்கருவேலம் ‘நெல்டூமா ஜூலிஃப்ளோரா’. வன்னி பழையபடி ‘புரோசோபிஸ் சினரேரியா’தான். கட்டுரைகள் தேடும்போது ‘புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா’ என்ற பழைய பெயரையும் போட்டுத் தேடுங்கள். இல்லாவிட்டால் முன்பு நடந்த ஆய்வுகளில் பெரும்பகுதி கண்ணில் படாமல் போகும். கருவேலமும் ‘அகேசியா’விலிருந்து ‘வாச்செல்லியா’வுக்குப் போய்விட்டது.

2. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

‘பாலைப் புதர்க்காட்டில் தாவர வேதிப்பொருட்களின் பங்கு’ என்பது தலைப்புதான், கேள்வி ஆகாது. ஒரு செடி, ஒரு வேதிக் குடும்பம், பாதிக்கப்படும் ஓர் உயிர் என்று மூன்றும் ஒரு வரிக்குள் வந்தால்தான் இரண்டு பருவத்தில் முடியும். சில எடுத்துக்காட்டுகள்:

சீமைக்கருவேலத்தின் இலைச்சருகு கொழுக்கட்டைப் புல்லின் முளைப்பைத் தடுக்கிறதா, அல்லது வேர் நீளத்தை மட்டும் குறைக்கிறதா? எருக்கின் பாலில் உள்ள கார்டினோலைடுகள் (இதயத்தைத் தாக்கும் நச்சுகள்) இளம் இலையில் அதிகமா, முதிர்ந்த இலையிலா. எருக்கு வெட்டுக்கிளி எதை முதலில் தின்கிறது? செங்கத்தாரி (ராஜஸ்தானில் ‘கேர்’), உகா (‘ஜால்’, ‘பீலு’) இரண்டும் கடுகுக்கு உறவு. இரண்டிலும் கடுகின் காரத்தைத் தரும் குளுக்கோசினோலேட் வகைப் பொருட்கள் உண்டு. மேய்ச்சல் அதிகமான இடத்தில் இவற்றின் அளவு கூடுகிறதா?

புதிதாக வருபவர்களுக்கு முதல் கேள்வியைத்தான் பரிந்துரைக்கிறோம். செலவு குறைவு, விதை எளிதில் கிடைக்கும், பயிற்சியைத் தில்லி ரிட்ஜிலேயே தொடங்கலாம். குக்குல் மரத்தைத் தொடாதீர்கள். அது அழியும் நிலையில் இருப்பதாகச் சிவப்புப் பட்டியலில் உள்ளது. அனுமதியும் கடினம், மனச்சான்றும் இடம் தராது.

3. அனுமதி: நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள்

எங்கே மாதிரி எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தாள்கள் மாறும்.

*சரணாலயத்துக்குள் என்றால்:* ஜெய்சால்மர், பாடமேர் மாவட்டங்களில் பரவியுள்ள பாலைவன தேசியப் பூங்கா போன்ற இடங்களில் ஆய்வுக்காக நுழையவும், ஒரு கிளையை ஒடிக்கவும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அவர் அலுவலகம் ஜெய்ப்பூர் ஜாலானாவில் உள்ள அரண்ய பவனில். அங்கே அனுமதி கிடைத்த பிறகும் களப்பகுதிக் கோட்ட அலுவலரிடம் நகலைக் காட்டித் தேதி வாங்க வேண்டும். முதல் ஆய்வுக்குப் பூங்காவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தரிசு நிலத்திலும் ஓரணிலும் அதே செடிகள் இருக்கின்றன.

*ஓரண், கோசர் நிலம் என்றால்:* ஓரண் என்பது ஊர் தெய்வத்தின் பெயரால் காக்கப்படும் காடு. நம்மூர்க் கோயில்காடு போல. கோசர் மேய்ச்சல் நிலம். பஞ்சாயத்துத் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதோடு ஊர்ப் பெரியவர்களிடம் நேரில் உட்கார்ந்து பேசாமல் கத்தரியை வெளியே எடுக்காதீர்கள். மரங்களைக் காப்பதைச் சமய நெறியாகக் கொண்ட பிஷ்ணோய் மக்களின் ஊர்களில் கேஜ்ரி மரத்தின் பச்சைக் கிளையை ஒடிப்பது பெரிய மனவருத்தம். 1730இல் கேஜட்லி ஊரில் இந்த மரத்துக்காக 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்பதை அங்கே குழந்தைகூடச் சொல்லும். கேஜ்ரி மாதிரி வேண்டுமானால் உதிர்ந்த இலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உழவர்கள் தீவனத்துக்காகக் கிளை கழிக்கும் குளிர்காலத்தில் போனால் கேட்டும் வாங்கலாம்.

*எல்லைப் பகுதி என்றால்:* ஜெய்சால்மர், பாடமேர், பீகானேர் எல்லையை ஒட்டிய ஊர்களுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் காவல் நிலையத்துக்குத் தகவலும் தேவைப்படும். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள்.

*பல்லுயிர்ச் சட்டம்:* இந்தியக் குடிமகன் இந்திய நிறுவனத்தில் வணிக நோக்கமில்லாமல் செய்யும் ஆய்வுக்குத் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன்அனுமதி தேவையில்லை. ஆனால் மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கும், உங்களோடு வெளிநாட்டுக் குடிமக்களோ என்.ஆர்.ஐ.களோ சேர்வதற்கும் அனுமதி வேண்டும். ஆணையம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. ‘ஒரு சின்ன குப்பிதானே’ என்று கூரியரில் போடுவது சட்டமீறல்.

விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியவை: கைடு கையெழுத்திட்ட கடிதம் (துறையின் லெட்டர்ஹெட்டில்), இரண்டு பக்கச் சுருக்கம், செடிகளின் பட்டியல், வரைபடத்தில் குறித்த இடங்கள், தேதிகள், கூட வருபவர்களின் பெயரும் அடையாள அட்டை நகலும், வண்டி எண், அறிக்கையின் நகல் தருவதாக உறுதிமொழி. செடிப் பட்டியலில் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘இலை மாதிரிகள்’ என்று பொதுவாக எழுதினால் கோப்பு கேள்வியோடு திரும்பி வரும். ‘விலாயதி பபூல், இலை, ஒரு மரத்துக்கு 50 கிராம், 20 மரம், மொத்தம் 1 கிலோ’ என்று எழுதுங்கள்.

கடிதம் ஆங்கிலத்தில் ஒன்று, இந்தியில் ஒன்று. நமக்கு இந்தி எழுத வராவிட்டால் துறைத் தோழரிடம் கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்ப்புச் செயலி தரும் கடிதத்தில் செடிப் பெயர்கள் கெட்டுவிடும். சமர்ப்பிக்கும் இடத்தில் முத்திரையும் வரவு எண்ணும் போட்ட நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். பின்னால் தொலைபேசியில் விசாரிக்க அந்த எண் ஒன்றுதான் பிடி.

தில்லிக்குள் பயிற்சி என்றால் வளாகத்துக் காட்டுக்கு உங்கள் நிர்வாகத்தின் கடிதம் போதும். அசோலா பட்டி சரணாலயம், ரிட்ஜ் பகுதிகளுக்குத் தில்லி வனத்துறையை அணுக வேண்டும்.

4. பணம்

சி.எஸ்.ஐ.ஆர். உதவித்தொகை வாங்குபவருக்கு மாதம் 37,000 ரூபாய் தவிர ஆண்டுக்கு 20,000 ரூபாய் செலவுத்தொகை. இந்த 20,000க்குள் களப்பயணமும் கருவிக் கட்டணமும் சேர்ந்து அடங்காது என்று முதலிலேயே எண்ணிக்கொள்ளுங்கள். அதிகம் விழுங்குவது ஜீப். நாளொன்றுக்கு ஓட்டுநரோடு 3,000 ரூபாயாவது ஒதுக்குங்கள்; ஐந்து நாள் பயணம் ஒன்றுக்கே 15,000. இரண்டு பேர் ஒரே பகுதியில் வேறு வேறு தலைப்பில் வேலை செய்தால் வண்டிச் செலவு பாதியாகும். முனிர்காவிலும் விடுதிகளிலும் ஒரே மெஸ்ஸில் சாப்பிடும் தாவரவியல், மண்ணியல், விலங்கியல் பிள்ளைகள் முன்கூட்டியே பேசிச் சேர்ந்து போவது நல்லது.

வேதிப் பகுப்பாய்வுக்கு ஜே.என்.யு.வின் மேம்பட்ட கருவி மையம், தில்லிப் பல்கலைக்கழகத்தின் யூசிக், ஐ.ஐ.டி.யின் மத்திய ஆய்வு வசதி ஆகியவற்றில் மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம். உள்ளே படிப்பவருக்கு ஒரு விலை, வெளிப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு விலை, தனியாருக்கு ஒரு விலை, வெளியாருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமும் சேரும். 20 மரம், இரண்டு பருவம், மூன்று நகல் என்றால் 120 மாதிரி. இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்காமல் திட்டம் எழுதியவர்கள்தான் கடைசியில் ஆறு மாதிரியை மட்டும் ஓட்டி நிறுத்துகிறார்கள்.

கரைப்பான்களை காரி பாவலியை ஒட்டிய திலக் பஜாரில் மலிவாக வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கண்ணாடிச் சாமான் கழுவ அது போதும். கலவையிலுள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவிக்கு அந்தத் தரம் உதவாது; கரைப்பானின் அழுக்கே வரைபடத்தில் மேடு மேடாகத் தெரியும்.

5. எந்த மாதம் போவது

தாரில் மழை ஜூலையில் தொடங்கி செப்டம்பரில் முடியும். ஜெய்சால்மரில் ஆண்டு முழுதும் சேர்த்தே சுமார் 200 மில்லிமீட்டர்தான். ஓராண்டுத் தாவரங்கள் முளைப்பது முதல் நல்ல மழைக்குப் பிந்தைய சில நாட்களில்தான். முளைப்பைக் களத்தில் எண்ண வேண்டுமென்றால் ஜூன் இறுதிக்குள் மேய்ச்சலைத் தடுக்கும் கம்பிக்கூண்டுகள் (8ஆம் பகுதி) நடப்பட்டிருக்க வேண்டும். அதற்கு மார்ச் மாதமே அனுமதி கையில் இருக்க வேண்டும். அதற்கு நவம்பரில் விண்ணப்பித்திருக்க வேண்டும். ஆகஸ்டில் சேர்க்கை முடிந்தவுடன் இந்தக் கணக்கைப் போடாதவருக்கு ஒரு மழை முழுதாகப் போய்விடும்.

சருகும் மண்ணும் எடுக்க அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வசதி. பழைய தில்லியில் இரவு மண்டோர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஜோத்பூர். அங்கேயே மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனமும் (காஸ்ரி), வறண்ட வன ஆராய்ச்சி நிறுவனமும், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் வறண்ட மண்டல மையமும் இருக்கின்றன. முதல் பயணத்தில் ஒரு முழு நாளை இந்த மூன்றுக்கும் ஒதுக்குங்கள். உலர்மாதிரிகளைப் பார்த்துச் செடியை உறுதிசெய்ய அதைவிட நல்ல இடமில்லை.

6. மாதிரி எடுப்பது

பூவோ காயோ உள்ள கிளையை மூன்று நகலாக எடுத்து அழுத்தி உலர்த்துங்கள். ஒன்றை மூலிகைச்சாலையில் (ஹெர்பேரியம், உலர்தாவரச் சேமிப்பகம்) கொடுத்து எண் வாங்குங்கள். அந்த எண் இல்லாத கட்டுரையை நல்ல இதழ்கள் ஏற்பதில்லை.

பறித்த இலையை பாலிதீன் பையில் போட்டு ஜீப்பில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் பைக்குள் வியர்த்து, இலை கறுத்துவிடும். கறுப்பது என்றால் பீனால்கள் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மாறிவிட்டன என்று பொருள். நீங்கள் அளக்க வந்ததே போய்விட்டது. காகிதப் பையில் போடுங்கள். நிழலில், காற்றோட்டத்தில், 40 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள். பாலை வெயிலில் விரித்துக் காயவைப்பது விரைவாகத் தெரியும், ஆனால் அதுவும் கெடுக்கும். சிறு அளவென்றால் இலையின் எடையைப் போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல் போட்ட டப்பா நல்லது. ஆரஞ்சு நிறச் சிலிக்கா வாங்குங்கள்; நீல நிறத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. மணமுள்ள, ஆவியாகும் பொருட்களை அளப்பதானால் உலர்த்தவே கூடாது. அது வேறு வேலை, வேறு கருவி. முதல் ஆண்டில் எடுக்காதீர்கள்.

இலையிலிருந்து சாறு இறக்கும் கரைப்பானான மெத்தனாலை ரயிலில் கொண்டுபோகக் கூடாது. எளிதில் தீப்பிடிக்கும் பொருள். வேண்டுமானால் ஜோத்பூரில் வாங்கி, அங்கேயே பயன்படுத்தி முடியுங்கள். மெத்தனால் குப்பியின் மேல் மார்க்கரால் எழுதாதீர்கள். ஒரு சொட்டு வழிந்தாலும் எழுத்து கரைந்து, எது எந்த மரம் என்று தெரியாமல் முழுப் பெட்டியும் பயனற்றுவிடும். பென்சிலால் எழுதிய தாள் துண்டு ஒன்று குப்பிக்கு உள்ளே, ஒன்று வெளியே.

எருக்கை ஒடிக்கும்போது கண்ணாடி போடுங்கள். பால் கண்ணில் தெறித்தால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். உடனே நிறையத் தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும்: கெட்டி அடியுள்ள ஷூ, தோல் கையுறை, புறப்படும் முன் டெட்டனஸ் ஊசி. திரும்பும்போது பையிலும் காலுறையிலும் ஒட்டிய காய், விதைகளை அங்கேயே உதறிவிடுங்கள்.

7. பெட்ரி தட்டுச் சோதனை

நிழலில் உலர்ந்த இலைத்தூள் 5 கிராம், வாலைவடிநீர் 100 மி.லி.; அறை வெப்பத்தில் 24 மணி நேரம். மெல்லிய துணியில் வடித்து, பிறகு வாட்மேன் 1 தாளில் வடிகட்டினால் 5 சதவீதச் சாறு. 4 டிகிரியில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் பயன்படுத்துங்கள். பழைய சாற்றில் பூஞ்சை வந்துவிடும். 9 செ.மீ. தட்டு, இரண்டு வடிதாள், 25 விதை, 5 மி.லி. சாறு, ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தது ஐந்து தட்டு. முள்ளங்கி, லெட்டூஸ் விதைகள் பழக மட்டும். முடிவு எழுதுவதற்குக் கொழுக்கட்டைப் புல்லோ கம்போ வேண்டும், ஏனென்றால் அந்த மண்ணில் வாழ்வது அவைதான்.

பொறிகள் இரண்டு.

ஒன்று, உப்பு. பாலைச் செடிகளின் சாற்றில் உப்பும் சர்க்கரையும் அதிகம். விதை முளைக்காததற்கு நச்சு காரணமாக இல்லாமல், நீரை உறிஞ்ச முடியாததே காரணமாக இருக்கலாம். சாற்றின் மின்கடத்துத்திறனை அளங்கள். மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸ் என்றால், 0.036ஆல் பெருக்க, உப்பால் மட்டும் வரும் நீரழுத்தம் சுமார் மைனஸ் 0.14 மெகாபாஸ்கல். அதே அழுத்தத்தில் பி.இ.ஜி. 6000 (நச்சில்லாமல் நீரழுத்தத்தை மட்டும் மாற்றும் பொருள்) கரைசல் தயாரித்து ஒரு வரிசைத் தட்டு வையுங்கள். சர்க்கரையையும் சேர்த்து அளக்க ஆஸ்மோமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. வாலைவடிநீர் கன்ட்ரோலை மட்டும் வைத்து ‘அல்லெலோபதி (ஒரு செடியின் வேதிப்பொருள் இன்னொன்றைத் தடுப்பது) உறுதியானது’ என்று எழுதிய ஆய்வேடுகள் நிறைய இருக்கின்றன. தேர்வாளர் முதலில் கேட்பது இதைத்தான்.

இரண்டு, அளவு. 10 சதவீதச் சாறு ஊற்றினால் பல இலைகளும் பல விதைகளின் முளைப்பைத் தடுத்துவிடும். களத்தில் அந்த அளவு வருமா என்று கணக்குப் போடுங்கள். அரை மீட்டருக்கு அரை மீட்டர் சட்டத்துக்குள் உள்ள சருகை அள்ளி எடை போடுகிறீர்கள். 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 240 கிராம். 15 மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் 15 லிட்டர். எல்லாச் சருகும் ஒரே மழையில் கரைந்தாலும் 1.6 சதவீதம்தான். உங்கள் அளவுகள் 0.5, 1, 2 சதவீதத்தைச் சுற்றி இருக்க வேண்டும். 5 என்பது மேல் எல்லை.

8. களத்தில் நிரூபிப்பது

இந்த ஆய்வின் உயிரே இங்கேதான் இருக்கிறது. அடுத்த பருவம் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் தள்ளிப்போடுவதும் இதைத்தான்.

கலிபோர்னியாவில் சால்வியா புதர்களைச் சுற்றிப் புல்லே இல்லாத வளையம் இருப்பதற்குப் புதரின் மணப்பொருட்களே காரணம் என்று 1964இல் ஒரு விளக்கம் வந்தது. 1970இல் வளையத்தின் மேல் கம்பிக்கூண்டு வைத்துப் பார்த்தபோது, கூண்டுக்குள் புல் வளர்ந்தது. புதருக்குள் ஒளிந்திருந்த எலியும் முயலும் வெளியே வந்து மேய்ந்ததால்தான் தரை வெறுமையாக இருந்தது. தாரில் பாலைவன ஜெர்பில் என்ற எலி வகையும் ஆடும் இதே வேலையைச் செய்யும்.

ஆகவே கூண்டு கட்டாயம். ஒரு மீட்டர் சதுரம், 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள துத்தநாகம் பூசிய வலை. ஜெர்பில் வளை தோண்டி உள்ளே வராதபடி 30 செ.மீ. மண்ணுக்குள் புதைக்க வேண்டும். கூண்டே கொஞ்சம் நிழல் தரும் என்பதால், மேலே வலையிட்டுப் பக்கங்கள் திறந்த இன்னொரு கூண்டும் அருகில் வேண்டும். பத்து மரம், ஒவ்வொன்றிலும் தண்டருகில், நிழல் ஓரத்தில், இரண்டு மீட்டர் வெளியே என்று மூன்று இடம். வடபக்கம் ஒரு மரத்தில், தென்பக்கம் இன்னொன்றில் என்று மாற்றி வைத்தால் வெயிலின் வேறுபாடு எல்லாவற்றையும் குழப்பிவிடும். எல்லா மரத்திலும் ஒரே திசை.

மரத்தடி மண்ணையும் வெட்டவெளி மண்ணையும் நேராக ஒப்பிடாதீர்கள். புதரடி மண்ணில் தழைச்சத்தும் ஈரமும் இயல்பாகவே கூடுதல். சீமைக்கருவேலத்துக்கு எதிராக வன்னியை வையுங்கள்: ஒரே அளவு நிழல், இரண்டும் பயறு வகை, ஒரே மண். வன்னியடியில் கம்பு செழிக்கிறது என்று எந்த உழவரும் சொல்வார். இந்த ஒப்பீட்டில் வரும் வேறுபாட்டை நம்பலாம்.

வேர் வழி வேதித்தடையைப் பார்க்க, ஒரு லிட்டர் மண்ணுக்கு 20 மி.லி. அளவில் செயலூட்டிய கரித்தூள் கலப்பார்கள்; அது கரிமப் பொருட்களை உறிஞ்சிக்கொள்ளும். அமெரிக்கப் பாலைவனத்துக் கிரியோசோட் புதரின் வேர்த்தடை கரித்தூளால் குறைகிறது என்பது 1992இல் இப்படித்தான் தெரிந்தது. ஆனால் கரித்தூள் சத்துகளையும் பிடித்துவைக்கும். புதர் இல்லாத மண்ணிலும் கரித்தூள் போட்ட ஒரு தொட்டி வரிசை இல்லாவிட்டால் எந்த முடிவும் நிற்காது. மண்ணை ஆட்டோகிளேவில் வேகவைத்து நுண்ணுயிர்களைக் கொல்வதிலும் இதே சிக்கல் உண்டு. வெந்த மண்ணில் மாங்கனீசும் தழைச்சத்தும் திடீரென்று வெளிப்படும்.

9. வேதிப் பகுப்பாய்வு

இதைக் கடைசியில் வையுங்கள். ஃபோலின் முறையில் கேலிக் அமிலத்தோடு ஒப்பிட்டு 765 நானோமீட்டரில் அளந்தால் ‘மொத்த பீனால்’ கிடைக்கும். மலிவு, எந்தத் துறையிலும் செய்யலாம். ஆனால் வைட்டமின் சி, சில புரதங்கள்கூட அதே நீல நிறத்தைத் தரும். ஆகவே மரங்களுக்கிடையே ஒப்பிட மட்டும் அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள்.

களத்திலும் தட்டிலும் உண்மையாகவே விளைவு காட்டிய நான்கைந்து மாதிரிகளை மட்டும், ஒவ்வொரு பொருளையும் பிரித்து அடையாளம் காட்டும் எல்.சி.எம்.எஸ். கருவிக்கு அனுப்புங்கள். சீமைக்கருவேல இலையிலிருந்து வெளியாகும் தடைப்பொருட்களில் எல்-டிரிப்டோஃபேனும் ஒன்று என்று முன்பே காட்டப்பட்டிருக்கிறது. அதன் தூய நிலைப்பொருளைச் சேர்த்து ஓட்டினால் கையில் ஓர் அளவுகோல் இருக்கும். கருவி மையங்களில் வரிசை நீளம். ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதங்களில் இன்னும் நீளம், அதனால் ஆய்வுக்கருவிகளுக்கான தேசிய இணையதளமான ஐ-ஸ்டெம்மில் மற்ற நிறுவனங்களின் கருவிகளையும் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். மிச்சத் தூளைக் காற்றுப்புகாத குப்பியில், இருட்டில், மைனஸ் 20இல் வைத்து, மரத்தின் எண்ணையும் மூலிகைச்சாலை எண்ணையும் ஒரே ஏட்டில் எழுதுங்கள்.

வனத்துறைக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட அறிக்கையை அனுப்பும்போது, ஓரண் ஊர்ப் பெரியவர்களுக்கும் இந்தியில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: எந்த மரத்தடியில் என்ன முளைத்தது, எது முளைக்கவில்லை, கூண்டுகளை எந்தத் தேதியில் எடுத்துக்கொள்வீர்கள்.